பழைய காகிதம்

(தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் நடந்த மாதாந்த வாசகர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



இந்தப் பேச்சுக்குக் காரணம் நம்ம வாசிகசாலையில் கிழிஞ்சு போயிருக்கிற காமிக்ஸ் புத்தகங்கள்தான். டெக்ஸ் வில்லர் கதைகளைப் படிக்காத பையன் இந்தத் தோட்டத்தில் இல்லை. இத்தாலியில் வரைந்து தமிழ்நாட்டில் தமிழாகி வருகிற கதை அது. போன மாதம் ஒரு பையன் என்னிடம் வந்து, “சேர், டெக்ஸ் நவஹோ கூட்டத்துக்குத் தலைவர். அவர் கூட்டாளி கார்சன். இவங்க எல்லாம் நெசமாவே இருந்தவங்களா?” என்று கேட்டான். கார்சன் என்று ஒருவர் இருந்தது உண்மை, நவஹோ மக்கள் இருப்பதும் உண்மை என்றேன். “அப்ப ரெண்டு பேரும் கூட்டாளிங்கதானே?” என்றான். அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. இல்லையப்பா, கதையில் இருப்பதற்கும் நடந்ததற்கும் வெகுதூரம். அந்தத் தூரத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். புத்தகங்களைத் தேடிப் படித்து எழுதி வைத்துக்கொண்டேன். பெயர்கள் வாய்க்குள் நுழையாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் நியூ மெக்சிக்கோ என்று ஒரு மாநிலம். மழை குறைவு. சிவப்புப் பாறை, காய்ந்த மலை, ஆற்றோரம் மட்டும் பச்சை. அமெரிக்கர்கள் வருவதற்கு முன்னமே அங்கே பல சனங்கள் இருந்தார்கள். மண் கல்லால் மாடி மாடியாக வீடு கட்டி, சோளம் பயிரிட்டு, ஊர்களில் வாழ்ந்தவர்களைப் புவெப்லோ மக்கள் என்பார்கள். ஆடு வளர்த்து, கம்பளி நெய்து, மலையடிவாரங்களில் பரந்து வாழ்ந்தவர்கள் நவஹோ மக்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் டினே. அதற்கு ‘சனங்கள்’ என்றுதான் அர்த்தம். அப்பாச்சி மக்கள் இருந்தார்கள். 1598இல் ஸ்பானியர் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கும் உள்ளூர்ச் சனங்களுக்கும் பிறந்து வளர்ந்த ஸ்பானிய மொழி பேசும் குடியானவர்கள் ஆற்றோரம் எங்கும் கிராமம் கிராமமாக இருந்தார்கள். 1821இல் மெக்சிக்கோ சுதந்திரம் பெற்றபோது இந்த நாடு மெக்சிக்கோவின் வடக்கு எல்லையாக ஆயிற்று.

எல்லாரும் ஒற்றுமையாகப் பாலும் தேனுமாக வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நவஹோ ஆட்கள் ஸ்பானியக் கிராமங்களில் ஆடு ஓட்டிக்கொண்டு போவார்கள். கிராமத்து ஆட்கள் திருப்பிப் போய் நவஹோ பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துவந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் இந்தக் கொள்ளை நடந்தது.

1846இல் அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் யுத்தம் மூண்டது. ஸ்டீவன் கியர்னி என்ற ஜெனரல் படையோடு வந்தார். லாஸ் வேகஸ் என்று ஒரு சின்ன ஊர் (சூதாட்டத்துக்குப் பேர்போன லாஸ் வேகஸ் வேறு, இது வேறு). அந்த ஊரில் ஆகஸ்ட் 15ஆம் திகதி ஒரு வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று சனங்களைக் கூப்பிட்டுப் பேசினார். இன்றிலிருந்து நீங்கள் அமெரிக்க ஆட்சியின் கீழ் வருகிறீர்கள் என்றார். உங்கள் மதத்தில் கைவைக்கமாட்டோம், உங்கள் தோட்டத்தில் ஒரு மிளகாய், ஒரு வெங்காயம்கூடக் காசு கொடுக்காமல் என் படையாள் எடுக்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்தார். நவஹோவும் அப்பாச்சியும் உங்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னார். மூன்று நாள் கழித்துத் தலைநகர் சாந்தா ஃபேயில் கொடி ஏறியது. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

மிளகாய் வெங்காயம் பற்றிச் சொன்ன வாக்கு எவ்வளவு தூரம் போயிற்றோ தெரியாது. காணி பற்றிச் சொன்ன வாக்கு எங்கே போயிற்று என்பதுதான் பெரிய கதை.

அடுத்த ஜனவரியிலேயே, 1847இல், தாவோஸ் என்ற இடத்தில் கிராமத்தாரும் புவெப்லோ மக்களும் சேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். அமெரிக்கர் நியமித்த ஆளுநர் சார்ள்ஸ் பெண்ட் கொல்லப்பட்டார். படை வந்தது. சனங்கள் கோயிலுக்குள் ஓடி ஒளிந்தார்கள். பீரங்கியால் அந்தத் தேவாலயத்தை இடித்தார்கள். ஏறத்தாழ 150 பேர் செத்தார்கள். இடிந்த மணிக்கூண்டும் கல்லறைகளும் இன்றும் அங்கே நிற்கின்றன.

1848 பெப்ரவரி 2ஆம் திகதி இரண்டு நாட்டுக்கும் உடன்படிக்கை ஆயிற்று. 15 மில்லியன் டொலர் கொடுத்து மெக்சிக்கோவின் வடபாதியை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அங்கே இருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் மெக்சிக்கோப் பிரசையாகவே இருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் அமெரிக்கப் பிரசை ஆகிவிடுவார்கள். அவர்கள் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று எழுதினார்கள். ஆனால் பழைய காணி உறுதிகள் எல்லாம் செல்லுபடியாகும் என்று தெளிவாகச் சொன்ன பத்தாம் பிரிவை வொஷிங்டனில் செனட் சபை வெட்டி எறிந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1850இல் நியூ மெக்சிக்கோ ‘டெரிட்டரி’ ஆயிற்று. டெரிட்டரி என்றால் நாட்டின் பகுதிதான், ஆனால் முழு மாநிலம் இல்லை. ஆளுநரையும் நீதிபதியையும் மேலே இருந்து போடுவார்கள். சனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அப்படி 62 வருஷம் வைத்திருந்தார்கள். 1912இல்தான் மாநிலம் ஆக்கினார்கள். ஸ்பானிய மொழி பேசுகிற, கத்தோலிக்கச் சனங்கள் அதிகம் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இப்போது நவஹோ மக்களிடம் வருவோம். அவர்கள் தாயகத்தை நாலு மலைகள் காவல் காக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நாலு மலைக்குள் வாழ வேண்டும், வெளியே போய் வாழக்கூடாது. 1849இல் நர்போனா என்ற வயது முதிர்ந்த தலைவர் சமாதானம் பேசப் படையிடம் வந்தார். பேச்சு முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு குதிரை யாருடையது என்று வாக்குவாதம். படை சுட்டது. கிழவர் அங்கேயே விழுந்தார். அவருடைய மருமகன் பெயர் மனுவெலிட்டோ. மாமனாரின் சாவை அவர் மறக்கவில்லை. 1860இல் மனுவெலிட்டோவும் பார்போன்சிட்டோ என்ற இன்னொரு தலைவரும் ஆட்களைத் திரட்டி, தங்கள் நிலத்துக்குள் கட்டிய கோட்டையையே தாக்கினார்கள். பிடிக்க முடியவில்லை.

1863இல் ஜேம்ஸ் கார்ல்டன் என்ற ஜெனரல் ஒரு முடிவு எடுத்தார். நவஹோ மக்கள் முழுப்பேரையும் அவர்கள் மண்ணிலிருந்து கிளப்பி, கிழக்கே பேக்கோஸ் ஆற்றங்கரையில் பொஸ்கே ரெடோண்டோ என்ற வெட்டவெளியில் கொண்டுபோய் வைப்பது. அங்கே அவர்கள் பயிர் செய்யப் பழகி, எழுத்துப் படித்து, கிறிஸ்தவர்களாகி நல்ல பிள்ளைகளாக ஆவார்கள் என்பது அவர் கணக்கு. நவஹோ மலைகளில் தங்கம் இருக்கும் என்றும் அவர் நம்பினார். ஜூலை 20ஆம் திகதிக்குள் சரணடைய வேண்டும், அதற்குப் பிறகு எந்த நவஹோவும் எதிரி என்று தவணை வைத்தார்.

அந்த வேலையைச் செய்ய அனுப்பப்பட்ட கேணல்தான் நம்ம கிட் கார்சன். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், தன் பெயரை மட்டும் போடுவார். அந்த வருஷத் தொடக்கத்தில் தனக்கு இந்த உத்தியோகம் வேண்டாம் என்று விலகல் கடிதம் கொடுத்தார். கார்ல்டன் பேசி நிறுத்திவிட்டார். வேண்டாம் என்று நினைத்தவர் கடைசியில் செய்தார், அதுவும் ஒழுங்காகச் செய்தார்.

அவர் ஆட்களோடு சண்டை பிடித்தது குறைவு. சோற்றோடுதான் சண்டை பிடித்தார். விளைந்த சோளத்தை எரித்தார்கள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், சுட்டுப் போட்டார்கள். கிணற்றையும் ஊற்றையும் காவல் போட்டு மறித்தார்கள். 1864 ஜனவரியில், உறைபனிக் காலத்தில், கான்யன் டி ஷே என்ற பெரும் பள்ளத்தாக்குக்குள் படை நுழைந்தது. அதற்குள்ளே நவஹோ மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் மரங்கள் இருந்தன. பீச் என்றால் பிளம்ஸ் மாதிரி ஒரு பழம், கொஞ்சம் பெரிசு. அந்த வருஷக் கோடையில் இன்னொரு படைப்பிரிவு வந்து ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்த்தது. தேயிலைச் செடி நட்டு வளர்த்தவர்களுக்கு ஒரு மரத்தை வெட்டுவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வருஷத்துச் சோளம் போனால் மறுவருஷம் விதைக்கலாம். மரம் போனால் பேரன் காலத்துச் சாப்பாடு போச்சு.

பசி தாங்காமல் சனங்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்கள். அவர்களை நடக்க விட்டார்கள். போன பாதையைப் பொறுத்து 300 மைலுக்கு மேல். நம்ம நாட்டில் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நேர்கோடு போட்டாலும் 270 மைல்தான் வரும். அதற்கு மேலே நடந்தார்கள், பனியில், பெரும்பாலும் போதிய உடுப்பு இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடு. ஒரே பயணம் இல்லை. இரண்டு மூன்று வருஷம் பல கூட்டங்களாக நடந்தார்கள். ஆற்றைக் கடக்கையில் அடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வழியில் பின்தங்கிய பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போய் வேலைக்கு விற்றவர்கள் உண்டு. பிள்ளைப்பேறு நேரம் வந்து நடக்க முடியாமல் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி அந்த மக்களின் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னால் வெடிச்சத்தம் கேட்டதாம். ‘நீண்ட நடை’ என்றுதான் இன்றும் அதற்குப் பெயர்.

பொஸ்கே ரெடோண்டோவில் எட்டாயிரத்துக்கும் மேலே நவஹோ மக்கள். ஏற்கெனவே அங்கே கொண்டுவந்து வைத்திருந்த மெஸ்கலேரோ அப்பாச்சி மக்கள் நானூறு ஐந்நூறு பேர். இரண்டு கூட்டத்துக்கும் முன்னமே ஆகாது. ஒரே வேலிக்குள் போட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் உப்புக்கரிப்பு, குடித்தால் வயிற்றோட்டம். விறகு இல்லை. இருந்த மரம் தீர்ந்த பிறகு முள்மரத்து வேரைத் தோண்டி மைல்கணக்கில் முதுகில் சுமந்து வந்தார்கள். (விறகுக் கட்டு சுமக்கிற அக்காமார் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறீர்கள்.) 1864இல் சோளம் நன்றாக வந்தது. புழு விழுந்து கதிரெல்லாம் போனது. அடுத்தடுத்த வருஷங்களும் புழு, ஆலங்கட்டி, வரட்சி. கார்ல்டன் வரைந்த திட்டத்தில் புழுவுக்கு இடம் இருக்கவில்லை.

அதனால் எல்லாம் பங்கீட்டுச் சாப்பாடு. கூப்பன் காலம் நம்ம பெரியவர்களுக்குத் தெரியும். அங்கேயும் கூப்பன்தான். முதலில் அட்டையில் அடித்துக் கொடுத்தார்கள். பசித்த சனம் அதைப் பார்த்து அதே மாதிரி அட்டை செய்துவிட்டது. சரி என்று உலோகத்தில் முத்திரை குத்திய வில்லைகள் கொடுத்தார்கள். நவஹோ ஆட்களில் இரும்பு வேலை பழகியவர்கள் இருந்தார்கள். அதையும் அச்சாகச் செய்து போட்டார்கள்! அதிகாரிகளுக்கு இது களவு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கொடுத்த மாவு அவர்கள் கண்டறியாத சாமான். காப்பிக்கொட்டையைக் கொடுத்தால் அவரை விதை என்று நினைத்துத் தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தார்களாம். பிறகு மாவையும் கொழுப்பையும் வைத்து ரொட்டி சுடப் பழகினார்கள். இன்றைக்கு அந்த மக்களின் விழாவுக்குப் போனால் எண்ணெயில் பொரித்த ரொட்டிதான் முதல் சாப்பாடு. அது இந்தப் பங்கீட்டு மாவில் பிறந்தது என்கிறார்கள். நம்ம லயத்து ரொட்டிக்கும் ஒரு கதை இருக்கிறதல்லவா, அது மாதிரி.

1865 நவம்பரில் ஒரே இரவில் மெஸ்கலேரோ மக்கள் கிட்டத்தட்ட எல்லாரும் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் மலைக்குப் போய்விட்டார்கள். நடக்க முடியாத சில பேரே மிஞ்சினார்கள். நவஹோ மக்கள் அப்படிப் போக முடியவில்லை. வீடு வெகுதூரம். நோயிலும் பசியிலும் 2,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நாலு பேரில் ஒருவர்.

1868 மே மாதக் கடைசியில் வொஷிங்டனிலிருந்து ஜெனரல் ஷெர்மன், சாமுவேல் டப்பன் என்று இரண்டு பேர் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். இந்த இடம் சரிவராது என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது, செலவு தாங்கவில்லை. உங்களை இன்னும் கிழக்கே, இப்போது ஒக்லஹோமா என்று சொல்கிற இடத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் பாருங்கள். பார்போன்சிட்டோ நவஹோ மொழியில் பேசுவார். ஹெசூஸ் ஆர்விசோ என்றொருவர், சின்ன வயதில் பிடிபட்டு நவஹோ மக்களிடம் வளர்ந்த மெக்சிக்கர், அதை ஸ்பானியத்தில் சொல்வார். இன்னொருவர் ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்தில் சொல்வார். பதில் அதே மாதிரி திரும்பி வரும். ஒரு சனத்தின் வாழ்வும் சாவும் இரண்டு வாய் தாண்டிப் போய் வந்தது. தொழிற்பிணக்கு விசாரணையில் மொழிபெயர்ப்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்த நேரத்து நெஞ்சிடிப்பு தெரியும்.

ஆனாலும் பார்போன்சிட்டோ சொன்னது போய்ச் சேர்ந்தது. அதன் சாரத்தைச் சொல்கிறேன். எங்கள் பாட்டன்மார் எங்கள் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் வெளியே போய் வாழாதே என்று சொல்லிவைத்தார்கள். இங்கே வந்ததால்தான் இவ்வளவு சாவு. இந்த மண் எங்களுக்காக உண்டானதல்ல, நாங்கள் போட்டதெல்லாம் பட்டுப்போகிறது. எங்கள் சொந்த நாட்டைத் தவிர வேறெங்கும் போகச் சொல்லாதீர்கள். இவ்வளவுதான். கத்தவில்லை, கும்பிடவில்லை. ஷெர்மன் உள்நாட்டு யுத்தத்தில் ஊர் ஊராக எரித்துக்கொண்டு போன தளபதி, இளகிய மனசுக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் சரி என்றார்.

ஜூன் 1ஆம் திகதி உடன்படிக்கை. 29 தலைவர்கள் பெயருக்கு நேரே ஒப்பமாகப் புள்ளடி போட்டார்கள். பழைய நாட்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 15,000 ஆடுகள் தருவோம். ஆளுக்கு வருஷத்துக்கு 5 டொலர் பெறுமதியான உடுப்பு, பத்து வருஷத்துக்கு. முப்பது பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூட அறை, ஒரு ஆசிரியர். பதிலுக்கு அவர்கள் சண்டை பிடிக்கக்கூடாது, ரயில்பாதை போட்டால் மறிக்கக்கூடாது.

ஜூன் 18ஆம் திகதி ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சனம் வீட்டுக்குப் புறப்பட்டது. வரிசை பத்து மைல் நீளம். வழியில் நாலு மலைகளில் ஒன்று தெரிந்ததும் கிழவர்கள் அழுதார்கள் என்று மனுவெலிட்டோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கிட் கார்சன் இதைப் பார்க்கவில்லை. உடன்படிக்கைக்கு ஒன்பது நாள் முந்தி, மே 23ஆம் திகதி, அவர் செத்துப்போனார்.

ஆடுகள் அடுத்த வருஷம்தான் வந்து சேர்ந்தன, ஆளுக்கு இரண்டு வீதம். பசித்தாலும் அந்த ஆட்டை அறுக்காமல் பெருக்கினார்கள். ஆசிரியர்கள்? முப்பதுக்கு ஒருவர் என்பது ஏட்டில் இருந்தது. பிறகு பிள்ளைகளைத் தூரத்து விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். மனுவெலிட்டோ படிப்பில் நம்பிக்கை வைத்துத் தன் மகன்மாரையே பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே பிடித்த நோயில் மகனைப் பறிகொடுத்தார். பேசினால் அடித்த அதே மொழியை இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இலிருந்து, அமெரிக்கப் படை இரகசியச் செய்தி அனுப்பப் பாவித்தது. யப்பானியரால் அதை உடைக்க முடியவில்லை. ஏறத்தாழ நானூறு நவஹோ வாலிபர்கள் அந்த வேலை செய்தார்கள். 1968 வரை அதைப் பற்றி வாய்திறக்க அவர்களுக்கு அனுமதி இல்லை.

இனி அந்த ஸ்பானிய மொழிக் குடியானவர்கள். கார்சனோடு படையில் போனவர்களில் இவர்களும் இருந்தார்கள், நவஹோ பெண்களை வீட்டில் அடைத்து வேலை வாங்கியவர்களும் இவர்களில் இருந்தார்கள். கடன் பட்டவனைக் கடன் தீரும்வரை கட்டி வேலைவாங்கும் பியோன் முறையும் அங்கே இருந்தது. 1867இல் அமெரிக்கக் கொங்கிரஸ் சட்டம் போட்டு அதை ஒழித்தது. நம்ம முன்னோருடைய கடன் துண்டுக் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். அமெரிக்கா செய்த நல்ல காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களுக்கு வந்த அடி வேறு மாதிரி, படை இல்லாமல் வந்தது. சான் மிகேல் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். 1794இல் ஸ்பானிய ஆட்சி 52 பேருக்கு அந்தக் காணியைக் கொடுத்தது. வீட்டுக்கு ஒரு துண்டு, பயிருக்கு வாய்க்காலோரம் ஒரு துண்டு, அவை குடும்பத்துக்குச் சொந்தம். மிச்சமெல்லாம், மேய்ச்சல், விறகு, காடு, ஊருக்குப் பொது. யாரும் விற்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு பொதுச் சொத்துக்கு இடம் சரியாக இல்லை. வெட்டி எறிந்த பத்தாம் பிரிவு ஞாபகம் இருக்கிறதா? 1891இல் காணி உரிமை விசாரிக்கத் தனி நீதிமன்றம் வைத்தார்கள். வழக்கு மேல்நீதிமன்றம் போய் 1897இல் தீர்ப்பு வந்தது. பொதுக்காணி ஊருக்குச் சொந்தமில்லை, அரசாங்கத்துக்குச் சொந்தம். 315,000 ஏக்கர் கேட்ட ஊருக்கு ஏறத்தாழ 5,000 ஏக்கர் மிஞ்சியது. வீடு இருக்கிறது, ஆடு மேய்க்க இடமில்லை, விறகுக்குக் காடில்லை. அப்புறம் என்ன, கூலிக்குப் போக வேண்டியதுதான். ரயில்பாதைக்கும் சுரங்கத்துக்கும் அந்த ஊர் ஆண்கள் போனது அப்படித்தான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று. மெக்சிக்கோ ஆளுநர் 1841இல் இரண்டு பேருக்குக் கொடுத்த ஒரு காணி பிறகு மேக்ஸ்வெல் என்பவர் கைக்கு வந்தது. அந்தக் காலச் சட்டப்படி அது ஒரு இலட்சம் ஏக்கருக்குள்தான் இருக்க வேண்டும். அவர் 1870இல் ஆங்கிலேய முதலாளிகளின் கம்பெனிக்கு விற்றார். அளந்து பார்த்தால் 17 இலட்சம் ஏக்கர் என்று வந்தது! 1887இல் உயர்நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஏழை ஊருக்கு மூன்று இலட்சம் ஐயாயிரமாகச் சுருங்கியது, கம்பெனிக்கு ஒரு இலட்சம் பதினேழு இலட்சமாக விரிந்தது. அளக்கிற சங்கிலி இரும்புதான், ஆனால் ஆளைப் பார்த்து நீளும் போலிருக்கிறது.

வழக்குப் பேச வந்த சட்டத்தரணிமாருக்குக் கொடுக்க அந்தச் சனங்களிடம் காசு இல்லை. காணியையே கூலியாக எடுத்துக்கொண்டார்கள், மூன்றில் ஒன்று, சில இடத்தில் பாதி. தோமஸ் கட்ரன் என்ற சட்டத்தரணி இப்படிச் சேர்த்து இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல் காணியில் பங்கு வைத்திருந்தார். 1912இல் மாநிலம் ஆனபோது அவரே முதல் செனட்டர்களில் ஒருவர்.

சும்மா இருக்கவில்லை அந்தச் சனம். 1889, 1890இல் சான் மிகேல் பகுதியில் இரவில் வெள்ளைத் துணியால் முகம் மூடிக் குதிரையில் வந்து, பொதுக்காணியில் போட்ட முள்கம்பி வேலிகளை மைல்கணக்கில் அறுத்தெறிந்தார்கள். ‘வெள்ளைத் தொப்பிக்காரர்’ என்று பெயர். முன்னின்றவர் ஹுவான் ஹொசே ஹெரேரா, தொழிற்சங்க அமைப்பாளர். பிறகு கட்சி கட்டித் தேர்தலிலும் வென்றார்கள். ஆனாலும் பொதுக்காணி திரும்பவில்லை.

புவெப்லோ மக்களைப் பற்றிக் கொஞ்சம். நேரம் போகிறது, பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிறது. 1876இல் நீதிமன்றம் இவர்கள் நாகரிகமான சனங்கள், ஆகவே செவ்விந்தியரைக் காக்கும் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது என்றது. புகழ்ச்சி மாதிரி இருக்கிறது இல்லையா? அந்தப் புகழ்ச்சியால் காணிக்குப் பாதுகாப்பு போய், வெளியார் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்து குடியேறினார்கள். 1913இல் தீர்ப்பு மாறியது. 1922இல் குடியேறியவர்களுக்கே அந்தக் காணியைக் கொடுக்க ஒரு மசோதா வந்தபோது எல்லா ஊர்த் தலைவர்களும் ஒன்றுகூடி எதிர்த்து அதைத் தோற்கடித்தார்கள். தாவோஸ் மக்களின் புனித நீல ஏரியை 1906இல் அரசாங்கம் வனத்தோடு சேர்த்துக்கொண்டது. நட்டஈடாகப் பணம் தருகிறோம் என்றார்கள். ஏரிதான் வேண்டும் என்று 64 வருஷம் கேட்டார்கள். 1970 டிசம்பரில் சனாதிபதி நிக்சன் ஒப்பமிட்டு 48,000 ஏக்கரோடு ஏரியைத் திருப்பிக் கொடுத்தார்.

வாக்குரிமை? 1924இல் செவ்விந்தியர் எல்லாரும் பிரசைகள் என்று சட்டம் வந்தும் நியூ மெக்சிக்கோ அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வரி கட்டாத இந்தியருக்கு வாக்கில்லை என்று சாட்டு. இஸ்லெட்டா புவெப்லோவைச் சேர்ந்த மிகேல் துருஹியோ என்ற ஆசிரியர், யுத்தத்துக்குப் போய்வந்தவர், பதியப் போனபோது மறுத்தார்கள். வழக்குப் போட்டு 1948இல் வென்றார். 1948 என்றதும் பெரியவர்கள் சிலர் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஆமாம், அதே வருஷம்தான். அவர்களுக்குக் கிடைத்த வருஷத்தில் நமக்குப் போனது. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

நவஹோ மக்களின் நிலம் பிற்பாடு படிப்படியாகக் கூடியது. இன்றைக்கு இலங்கையைவிடச் சற்றுப் பெரிய நிலப்பரப்பு, பதிந்த சனம் ஏறத்தாழ நாலு இலட்சம். ஆனால் குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் இன்னும் பல. பீப்பாயில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 1868 உடன்படிக்கைப்படி எங்களுக்குத் தண்ணீர் கிடைக்க அரசாங்கம் வழிசெய்ய வேண்டும் என்று வழக்காடினார்கள். 2023 ஜூனில் உயர்நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம் நாலு பேர் மறுபக்கம், அந்தக் காகிதத்தில் அப்படி ஒரு கடமை எழுதப்படவில்லை என்று தீர்த்தது.

அந்தக் காகிதத்தை நவஹோ மக்கள் ‘நால்ட்ஸோஸ் சானி’ என்பார்கள். பழைய காகிதம் என்று அர்த்தம். மூன்று பிரதி எழுதினார்கள். ஒன்று அரசாங்கத்திடம். ஒன்று பார்போன்சிட்டோ கையில் கொடுத்தது, எங்கே போயிற்றோ யாருக்கும் தெரியாது. மூன்றாவது, பேச வந்த டப்பன் தன் வீட்டுக்குக் கொண்டுபோனது. அது மசச்சூசெற்ஸில் அவர் வழிவந்த குடும்பத்து வீட்டுப் பரணில், ஒரு பெட்டிக்குள்ளே, 150 வருஷமாகச் சும்மா கிடந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்மணி அதை எடுத்து 2019இல் நவஹோ மக்களிடமே கொடுத்துவிட்டார். வயசானவர்கள் வரிசையில் நின்று, தங்கள் பாட்டன்மார் போட்ட புள்ளடிகளைப் பார்த்தார்கள்.

கேள்வி கேட்ட பையன் அந்த மூலையில் இருக்கிறான். தம்பி, காமிக்ஸை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை. படி. வாசிகசாலைக்கு வந்திருக்கிற உலகப்படத்தைக் கீழே விரித்து வைத்திருக்கிறேன், வா, அந்த நாலு மலையும் எங்கே என்று உனக்குக் காட்டுகிறேன்.